காது கேளாதவருக்கு அறுவை சிகிச்சை: "எழுதிக் காட்டினால் போதாதா?"

கேள்வி இதுதான். பிறவியிலேயே காது கேளாத, சைகை மொழியில் பேசும் அக்காவுக்குப் பித்தப்பைக் கல்லுக்காக லேப்ராஸ்கோப்பி (சிறு துளைகள் வழியாகச் செய்யும்) அறுவை சிகிச்சை செய்யப்போகிறார்கள். சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டதற்கு, "எழுதிக் காட்டிக்கொள்ளலாம், வீட்டிலிருந்து யாராவது கூட இருந்தால் போதும்" என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். அது போதுமா? போதாதென்றால் என்னென்ன கேட்டு வாங்க வேண்டும்?

போதாது. ஏன் போதாது என்பதை முதலில் விவரமாகச் சொல்கிறேன். மருத்துவமனையில் வாதாட வேண்டி வந்தால் அந்தக் காரணங்கள்தான் கைகொடுக்கும்.

மருத்துவர் நோயைக் கண்டுபிடிப்பதில் பெரும்பங்கு நோயாளி சொல்வதைக் கேட்பதுதான். வலி எப்போது வந்தது, சாப்பிட்ட பிறகு கூடுகிறதா, முதுகுக்குப் பரவுகிறதா, முன்பு மயக்க மருந்து கொடுத்தபோது ஏதாவது ஆனதா என்று கேள்விகள் நீளும். இதையே தாளில் எழுதி நடத்தும்போது இரண்டு பக்கமும் சுருக்கத் தொடங்கிவிடுவார்கள். மருத்துவர் நாலைந்து கேள்வியோடு நிறுத்துவார். நோயாளி ஒற்றைச் சொல்லில் பதில் எழுதுவார். கேட்காமல் விட்ட கேள்வியில்தான் ஆபத்து ஒளிந்திருக்கும்: ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறாரா என்பதுபோல.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. சைகை மொழிக்குத் தனி இலக்கணம் இருக்கிறது. பேச்சு மொழியைக் கையால் காட்டுவது சைகை மொழி ஆகாது. பிறவியில் கேளாத ஒருவருக்கு எழுத்துமொழி என்பது, ஒருமுறைகூடக் காதில் விழாத மொழியைக் கண்ணால் மட்டுமே கற்றுக்கொண்டது. மிக நன்றாக எழுதுபவர்கள் இருக்கிறார்கள், தடுமாறுபவர்களும் இருக்கிறார்கள். எந்த வயதில் மொழி கிடைத்தது, எப்படிப்பட்ட பள்ளி வாய்த்தது என்பதைப் பொறுத்தது அது. புத்திசாலித்தனத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. "டெஸ்ட் பாசிட்டிவ்" என்று எழுதிக் கொடுத்ததை "நல்ல முடிவு" என்று எடுத்துக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனவர்கள் உண்டு. எச்ஐவி பரிசோதனை முடிவிலேயே இந்தக் குழப்பம் நடந்திருக்கிறது.

உதட்டசைவைப் படித்துப் புரிந்துகொள்வார் என்று நினைப்பவர்களும் நிறைய. பல ஒலிகள் வாய்க்குள்ளேயே பிறப்பதால் வெளியே தெரியாது. தெரிகிறவற்றிலும் ப, ம போன்றவை ஒரே மாதிரி இருக்கும். "மருந்து", "பருந்து" இரண்டும் உதட்டில் ஒன்றுதான். அங்கே சூழலை வைத்து ஊகித்துவிடலாம். "காலை வாங்க" என்றாரா "நாளை வாங்க" என்றாரா என்பதை எந்தச் சூழலும் காட்டிக்கொடுக்காது. முகக்கவசம் போட்டுவிட்டால் இந்த அரைகுறை வழியும் அடைபடும். சைகை மொழியில் பேசுபவருக்கும் அது இழப்புதான், ஏனென்றால் புருவமும் வாயும் அந்த மொழியின் இலக்கணத்தில் பங்கு வகிக்கின்றன.

எழுத்து யாருக்குமே உதவாது என்று சொல்லவில்லை. பேசப் பழகிய பிறகு, நடுவயதில் காது போனவர்களுக்குப் பெரும்பாலும் சைகை மொழி தெரியாது. அவர்களுக்கு எழுத்துதான் சரி. பேச்சை எழுத்தாக்கும் கைபேசிச் செயலிகள் அவர்களுக்குப் பெரிய உதவி. ஆனால் மருந்துப் பெயர்களிலும் அளவுகளிலும்தான் அந்தச் செயலிகள் அதிகம் தவறு செய்கின்றன. மில்லிகிராம் கணக்கைத் திரையில் மட்டும் பார்த்து நம்பாமல் தனியாக எழுதி வாங்க வேண்டும். ஆக, எந்த வழி என்பதை முடிவு செய்ய வேண்டியவர் நோயாளி. ரிசப்ஷனில் இருப்பவரோ, கூட வந்த நாமோ அல்ல.

இப்போது கொஞ்சம் கசப்பான பகுதி: உங்களைப் பற்றியது. வீட்டார் மொழிபெயர்த்தால் என்ன? அன்போடுதான் செய்கிறோம், அந்த அன்பே பிரச்சினை. மருத்துவர் ஐந்து நிமிடம் பேசியதை "ஒன்றுமில்லை, சின்ன ஆபரேஷன்தான்" என்று சுருக்கிச் சொல்வோம். சிக்கல் வர வாய்ப்புண்டு என்ற வரியை, பயந்துவிடுவாளே என்று விழுங்கிவிடுவோம். மாதவிடாய், கர்ப்பம், மனச்சோர்வு, வீட்டுக்குள் நடக்கும் அடிதடி ஆகியவற்றை அக்கா உங்கள் வாய்வழியாக மருத்துவரிடம் சொல்ல மாட்டார். வீட்டில் புழங்கும் சைகைகள் சாப்பாட்டுக்கும் கடைக்கும் போதும். பித்தநாளத்துக்கும் மயக்க மருந்துக்கும் போதாது. பிள்ளைகளை மொழிபெயர்க்க வைப்பது இன்னும் மோசம். தாயின் புற்றுநோய்ச் செய்தியைப் பத்து வயதுக் குழந்தை கையால் சொல்ல வேண்டிய நிலை எந்த வீட்டுக்கும் வரக்கூடாது. அமெரிக்காவின் மாற்றுத்திறனாளிகள் சட்ட விதிகள், உயிருக்கு ஆபத்தான அவசரத்தில் வேறு யாருமே கிடைக்காதபோது தவிர, சிறாரை இப்படிப் பயன்படுத்தக்கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கின்றன. நீங்கள் கூட இருங்கள். தங்கையாகவோ தம்பியாகவோ கையைப் பிடித்துக்கொள்ள இருங்கள். மொழிபெயர்ப்பு வேலையை அதற்கென்று பயின்றவரிடம் விடுங்கள்.

"அதற்கெல்லாம் வசதியில்லை, செலவாகும்" என்று சொன்னால் எடுத்துக்காட்ட இரண்டு விஷயங்கள். 2006ல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 9ஆம் பிரிவு, தொழில்முறை சைகை மொழிபெயர்ப்பாளர்களைப் பெயர் சொல்லியே கேட்கிறது. 25ஆம் பிரிவு, மற்றவர்களுக்குக் கிடைக்கும் அதே தரத்தில், விவரம் அறிந்து தரும் ஒப்புதலோடு சிகிச்சை வேண்டும் என்கிறது. உலகின் மிகப் பெரும்பாலான நாடுகள் இதில் இணைந்திருக்கின்றன. அடுத்தது, 1997ல் கனடா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த எல்ட்ரிட்ஜ் வழக்கு. வழக்குத் தொடுத்தவர்களில் ஒருவர், மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் குறைமாத இரட்டைக் குழந்தைகளைப் பெற்ற தாய். ஒரு குழந்தையின் இதயத்துடிப்பு குறைந்துவிட்டது என்பதை நர்ஸ் ஜாடையில்தான் காட்டினார். பிறந்ததும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள்; நலம் என்று ஒரு தாளில் எழுதிக் காட்டியதோடு சரி. மருத்துவமனைகளில் மொழிபெயர்ப்பாளர் தராதது அரசமைப்புச் சட்டத்தின் சமத்துவ உரிமைக்கு எதிரானது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் முழுவதற்கும் ஆகும் செலவு 1,50,000 டாலர், அதாவது மாகாணத்தின் சுகாதார பட்ஜெட்டில் ஏறத்தாழ 0.0025 சதவீதம்தான் என்ற கணக்கையும் தீர்ப்பு எடுத்துக்காட்டியது.

இனி செய்ய வேண்டியவை. தேதி குறிக்கும் அன்றே மொழிபெயர்ப்பாளரை எழுத்தில் கேளுங்கள். மின்னஞ்சலாக இருந்தால் நல்லது. எந்தச் சைகை மொழி என்பதைத் தெளிவாக எழுத வேண்டும், ஏனென்றால் சைகை மொழி நாட்டுக்கு நாடு வேறு. ஒரே பேச்சு மொழி இருந்தும் பிரிட்டனின் சைகை மொழியும் அமெரிக்காவின் சைகை மொழியும் ஒன்றுக்கொன்று புரியாது. பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்பதையும், ஆலோசனைக்கு வழக்கமான நேரத்தைப்போல இரு மடங்கு வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேலை நீண்டால் இரண்டு பேர் தேவைப்படும். சுமார் இருபது நிமிடம் தொடர்ந்து மொழிபெயர்த்த பிறகு மூளை களைத்துப் பிழைகள் கூடும் என்பதால் மாறி மாறிச் செய்வார்கள். காது கேளாதோர் சமூகம் சின்னது. வருகிற மொழிபெயர்ப்பாளர் அக்காவுக்கு ஏற்கெனவே பழக்கமானவராக இருக்கலாம். அவர் வேண்டாம் என்று அக்கா சொன்னால் வேறொருவரைக் கேட்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. பள்ளிக்கே போகாமல் வீட்டுச் சைகை மட்டும் தெரிந்தவர்களுக்கு, காது கேளாத மொழிபெயர்ப்பாளர் ஒருவரும் சேர்ந்து இடைநிலையாகப் பணியாற்றுவது உண்டு. அது தேவைப்படும் இடத்தில் தயங்காமல் கேளுங்கள்.

நேரில் ஆள் கிடைக்கவில்லை, வீடியோவில்தான் தருவோம் என்றால், சிறிய உரையாடலுக்கு ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் அந்தப் படுக்கைக்கு இணையம் சீராக வருகிறதா என்பதை முதல் நாளே சோதிக்க வேண்டும். உறைந்து நிற்கும் படத்தில் சைகை மொழி கிடையாது. நடுவில் விழுங்கப்பட்ட ஒரு கையசைவு "வேண்டாம்" என்ற சொல்லாக இருக்கலாம். மொழிபெயர்ப்பாளரின் முகம், தோள், கை, விரல்கள் எல்லாம் தெரியும் அளவுக்குத் திரை பெரிதாக இருக்க வேண்டும், படுத்திருப்பவர் கண்ணுக்கு நேராகத் திருப்பி வைக்கவும் வேண்டும். கடுமையான வலி, மயக்கம் தெளியும் நேரம், கண்பார்வைக் குறைவு, கவிழ்ந்து படுத்திருக்கும் நிலை ஆகியவற்றில் வீடியோ பயன்படாது. அறுவை சிகிச்சை நாளுக்கு நேரில் வருபவரையே வலியுறுத்துங்கள்.

ஆலோசனை அறையில் மொழிபெயர்ப்பாளர் மருத்துவருக்குப் பக்கத்தில், சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். அப்போதுதான் இருவர் முகத்தையும் அக்கா ஒரே பார்வையில் பார்க்க முடியும். மருத்துவரின் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் வெளிச்சம் இருந்தால் முகம் இருட்டிவிடும், இடம் மாறி உட்காரச் சொல்லுங்கள். "அவங்களுக்கு எங்க வலிக்குதுன்னு கேளுங்க" என்று மொழிபெயர்ப்பாளரைப் பார்த்துப் பேசும் மருத்துவரிடம், அக்காவைப் பார்த்தே பேசுமாறு சொல்லலாம். சோதனைப் படுக்கையில் திரையை இழுத்துவிட்டு, நோயாளி மொழிபெயர்ப்பாளரைப் பார்க்க முடியாத நிலையில் வயிற்றை அழுத்திக்கொண்டே கேள்வி கேட்பது அடிக்கடி நடக்கிறது. முதலில் சொல்லிவிட்டுப் பிறகு தொட வேண்டும். கண்ணாடி போடுபவராக இருந்தால் அதைக் கழற்றவே கூடாது.

புரிந்ததா என்று கேட்பதால் பயனில்லை. காலமெல்லாம் புரியாத பேச்சுகளுக்கு நடுவே வாழ்ந்தவர்கள், எதிரில் இருப்பவரைச் சங்கடப்படுத்தாமல் இருக்கத் தலையாட்டப் பழகியிருக்கிறார்கள். அந்தத் தலையாட்டலை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்ள முடியாது. "ஆபரேஷனில் என்ன செய்யப்போகிறார்கள், எத்தனை மணிக்கு மேல் சாப்பிடக்கூடாது, என்ன சிக்கல் வரலாம், இவற்றை நீங்கள் எனக்குச் சொல்லுங்கள்" என்று கேட்டு, அக்கா தன் மொழியில் திருப்பிச் சொன்ன பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்து அவருடையது, அவருக்காக நீங்கள் போடக்கூடாது. பட்டினி விஷயத்தில் குறிப்பாகக் கவனம் தேவை. பொதுவாகத் திட உணவை 6 மணி நேரத்துக்கு முன்பும் தண்ணீரை 2 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தச் சொல்வார்கள். இது தவறிப் புரிந்தால் அறுவை சிகிச்சை தள்ளிப்போகும். யாரும் கவனிக்காவிட்டால் வயிற்றில் உள்ளது நுரையீரலுக்குள் போய்விடக்கூடும்.

குடும்ப நோய் வரலாறு கேட்கும்போது மட்டும் நீங்கள் பேசுங்கள். காது கேட்பவர்கள் பாட்டிக்குச் சர்க்கரை, சித்தப்பாவுக்கு மாரடைப்பு என்பதையெல்லாம் யாரும் சொல்லித்தராமலேயே வீட்டுப் பேச்சில் பொறுக்கிக்கொள்கிறோம். அக்காவின் காதில் அந்தப் பேச்சு விழுந்ததே இல்லை. "எனக்குத் தெரிந்து யாருக்கும் ஒன்றுமில்லை" என்று அவர் உண்மையாகவே சொல்லக்கூடும். போவதற்கு முன்பே உட்கார்ந்து அந்த வரலாற்றை அவருக்குச் சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.

மயக்க மருத்துவரிடம் காது கேளாமையின் காரணம் என்ன என்பதையும் பேச வேண்டும். பெரும்பாலோருக்கு வேறு பாதிப்பு இருக்காது. சிலருக்கு அதோடு இன்னொன்று ஒட்டிவரும்: ஜெர்வெல்–லாங்கே நீல்சன் நோய்த்தொகுதியில் இதயத்தின் மின்னோட்டத்தில் கோளாறு, பெண்ட்ரட்டில் தைராய்டு, ஆல்போர்ட்டில் சிறுநீரகம், அஷரில் கண்பார்வை. இவற்றில் முதலாவதுதான் அறுவை அரங்கில் உயிரோடு விளையாடும். பிறவியில் கேளாத ஒருவர் ஓடும்போதோ, பயந்தபோதோ, நீந்தும்போதோ மயங்கி விழுந்திருந்தால், வலிப்பு என்று யாராவது சொல்லியிருந்தாலும், இசிஜி எடுத்து க்யூடி இடைவெளியை (ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் மின்செயல் எடுக்கும் நேரம்) பார்த்தே ஆக வேண்டும். வாந்திக்குக் கொடுக்கும் ஆண்டான்செட்ரான் உட்படப் பல சாதாரண மருந்துகள் அந்த இடைவெளியை நீட்டும். கொஞ்சமாவது காது கேட்கிறது என்றால் அந்த மிச்சத்தையும் காப்பாற்ற வேண்டும். ஜென்டாமைசின் போன்ற அமினோகிளைகோசைடு வகை ஆண்டிபயாட்டிக் மருந்துகள் உட்காதில் ஒலியை உணரும் செல்களை அழிக்கக்கூடியவை. "ஏற்கெனவே கேட்காதவர்தானே" என்று விட்டுவிடாமல், மாற்று உண்டா என்று கேளுங்கள்.

காக்ளியர் இம்ப்ளாண்ட் (ஒலியை உணர அறுவை செய்து உட்காதில் பொருத்தும் மின்கருவி) வைத்திருந்தால் அதன் நிறுவனம், மாடல் எண் உள்ள அட்டை கையில் இருக்க வேண்டும். உள்ளே காந்தம் இருப்பதால் எம்ஆர்ஐ எடுக்கலாமா, காந்த வலிமை 1.5 டெஸ்லாவா 3 டெஸ்லாவா, தலையைக் கட்டுப்போட வேண்டுமா, காந்தத்தை எடுக்க வேண்டுமா என்பது மாடலுக்கு மாடல் மாறும். வெளிப்பகுதியைக் கழற்றிவிட்டால் எக்ஸ்ரே, சிடி எடுக்கத் தடையில்லை. அறுவையின்போது ரத்தக்கசிவை நிறுத்தச் சூடுவைக்கும் கருவியில் மோனோபோலார் வகையை (மின்சாரம் உடல் வழியாகப் போய் ஒரு தகட்டில் திரும்பும் வகை) தலை, கழுத்துப் பகுதியில் பயன்படுத்தக்கூடாது. வயிற்றில் பயன்படுத்தினால் மின்சாரம் திரும்பும் தகட்டை இம்ப்ளாண்ட்டிலிருந்து தள்ளி, தொடை போன்ற இடத்தில் ஒட்டச் சொல்ல வேண்டும். அறுவை மருத்துவருக்கு இது தெரிந்திருக்கும். இம்ப்ளாண்ட் இருப்பது தெரிந்திருக்குமா என்பதுதான் கேள்வி. காது மிஷின் போடுபவரானால் மயக்கம் கொடுக்கும் கணம் வரை அது காதிலேயே இருக்கட்டும். பெயர் எழுதிய டப்பாவில் போட்டு, கண் விழிக்கும்போது கைக்குக் கிடைக்கும்படி நர்ஸிடம் ஒப்படையுங்கள். தாளில் சுற்றி வைத்த மிஷின் குப்பைக்குப் போவது சகஜம்.

டிரிப்ஸ் ஊசியை எழுதாத கையில், புறங்கையில் குத்தாமல் முன்கையில் போடச் சொல்லுங்கள். கைகள்தான் அவருக்கு வாய். ஒரு கையில் டிரிப்ஸ், மறு கையில் ரத்த அழுத்தப் பட்டை என்று இரண்டையும் கட்டிப்போட்டால் "மூச்சு முட்டுகிறது" என்றுகூடச் சொல்ல முடியாது. மயக்கம் கொடுப்பதற்கு முன்பே மயக்க மருத்துவரும் அக்காவும் சில தொடுகைகளைப் பேசி வைத்துக்கொள்ளட்டும்: தோளில் ஒரு தட்டு என்றால் மூச்சை ஆழமாக இழு, இரண்டு தட்டு என்றால் கண்ணைத் திற, கையை அழுத்தினால் எல்லாம் முடிந்தது. எம்ஆர்ஐ எடுக்கும்போதும் மூச்சை அடக்கச் சொல்லும் குரல் அவருக்குக் கேட்காது. அங்கேயும் காலில் தட்டும் குறியோ விளக்கோ வேண்டும். கண் விழிக்கும்போது மொழிபெயர்ப்பாளர் பார்வைபடும் இடத்தில் நிற்க வேண்டும், கண்ணாடியும் தயாராக இருக்க வேண்டும்.

லேப்ராஸ்கோப்பியில் வயிற்றுக்குள் செலுத்தும் கரியமில வாயுவால், விழித்த பிறகு தோள்பட்டை வலிக்கலாம். பெரும்பாலும் சில நாளில் போய்விடும். கேட்கிறவர்களுக்கு நர்ஸ் போகிற போக்கில் இதைச் சொல்லிவிடுவார். யாரும் சொல்லாத அக்கா, வயிற்றில் ஆபரேஷன் செய்துவிட்டுத் தோள் ஏன் வலிக்கிறது என்று இரவெல்லாம் மாரடைப்பை நினைத்துப் பயந்திருப்பார். போகிற போக்கில் சொல்லப்படும் இத்தகைய வார்த்தைகள்தான் காது கேளாதவர்களுக்கு ஒருபோதும் வந்து சேராதவை. வார்டில் தினமும் ஒரு குறித்த நேரத்துக்கு மொழிபெயர்ப்பாளர் வருமாறு ஏற்பாடு செய்து, மருத்துவரின் ரவுண்ட்ஸை அந்த நேரத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

வார்டில் கவனிக்க வேண்டிய மற்றவை சின்னவை, ஆனால் தினமும் தவறுபவை. அழைப்பு மணியை அழுத்தினால் ஸ்பீக்கரில் "என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டு, பதில் வராததால் அணைத்துவிடுவார்கள். இந்தப் படுக்கைக்கு நேரில்தான் வர வேண்டும் என்ற குறிப்பு நர்ஸ் மேசையிலும் படுக்கைத் தலைமாட்டிலும் இருக்க வேண்டும். இரவில் தொட்டு எழுப்புவதற்கு முன் விளக்கைப் போட வேண்டும். தீயெச்சரிக்கை ஒலித்தால் யார் வந்து சொல்வார் என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும். வெளிநோயாளிப் பிரிவில் பெயர் கூப்பிட்டது தெரியாமல் வாய்ப்பு தவறிப்போவதைத் தவிர்க்க, எண் காட்டும் திரை இல்லாவிட்டால் உட்கார்ந்திருக்கும் நாற்காலியைக் காட்டி, நேரில் வந்து கூப்பிடச் சொல்லுங்கள்.

அக்காவின் பையில் ஓர் அட்டை இருக்கட்டும்: "எனக்குக் காது கேட்காது. நான் சைகை மொழியில் பேசுவேன். தயவுசெய்து மொழிபெயர்ப்பாளரை அழையுங்கள். அவர் வரும்வரை முகத்தைப் பார்த்து, குறுகிய வாக்கியமாக எழுதிக் காட்டுங்கள். என் கைகளைக் கட்டாதீர்கள்." கீழே மருந்து ஒவ்வாமை, சாப்பிடும் மாத்திரைகள், ரத்த வகை. அவசரத்தில் மொழிபெயர்ப்பாளருக்காகச் சிகிச்சையை நிறுத்திவைக்கத் தேவையில்லை. சிகிச்சை நடக்கட்டும், அழைப்பும் உடனே போகட்டும். பக்கவாதத்தைக் கண்டுபிடிக்கப் பேச்சுக் குழறலைப் பார்ப்பது வழக்கம். சைகை மொழியில் பேசுபவரிடம் சைகையில் குழறல் தெரியும்: ஒரு கை மட்டும் தொய்வது, விரல் வடிவங்கள் கலைவது, தெரிந்த சைகை நினைவுக்கு வராமல் தடுமாறுவது. மருத்துவருக்கு அது தெரியாது, அக்காவோடு தினமும் பேசும் உங்களுக்குத்தான் தெரியும். கண்டால் உடனே சொல்லுங்கள்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் மொழிபெயர்ப்பாளர் இருப்பது, அறுவை சிகிச்சை நாளில் இருப்பதற்குச் சமமான அவசியம். எந்த மாத்திரை எப்போது என்பதைக் காலை, மதியம், இரவு என்று கட்டம் போட்டு வாங்குங்கள். மொழிபெயர்ப்பாளர் சம்மதித்தால் அந்த விளக்கத்தையே கைபேசியில் வீடியோவாக எடுத்துக்கொள்ளுங்கள், அக்கா வேண்டியபோது திரும்பப் பார்க்கலாம். குளிரோடு காய்ச்சல், கண் மஞ்சளாவது, கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, நிற்காத வாந்தி, தையலில் சீழ் ஆகியவற்றில் எது வந்தாலும் தொடர்புகொள்ளச் சொல்வார்கள்; சீட்டில் ஒரு தொலைபேசி எண் மட்டும் இருக்கும். அக்கா தனியாக இருக்கும் இரவில் அந்த எண்ணால் அவருக்குப் பயனில்லை. குறுஞ்செய்தி அல்லது வீடியோ வழியாகத் தொடர்புகொள்ளும் எண் ஒன்றைக் கேட்டு வாங்கி, இரவில் அதை யார் பார்ப்பார் என்று உறுதிசெய்துகொண்டு, மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன் அக்காவின் கைபேசியிலிருந்தே ஒரு சோதனைச் செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பாருங்கள்.